அம்பாசிடருக்குச் சிவப்புக் குறி

சக்கரபாணி முதலாளியின் அம்பாசிடருக்குத் தொண்ணூற்றிரண்டாம் வருசத் தை மாசத்துக்குள் வந்து இறங்கிய சீர்வரிசையைப் பார்த்தவர்கள், அதற்குக் கல்யாணம் வைத்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். உடம்புக்குப் பால் வெள்ளையில் புதுப் பெயிண்டு. சீட்டுக்கு அரக்கு வெல்வெட். பின் கண்ணாடிக்குச் சுருக்கம் வைத்துத் தைத்த ஊதாத் திரை. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், முதலாளிக்கு மட்டும் காற்று வீசுகிற குட்டி ஃபேன். மூக்கின் மேல் பித்தளைப் பலகை: ‘தலைவர், சாலைப் பாதுகாப்பு வார விழாக் குழு.’

வராதது ஒன்றுதான். பிரேக் ஓஸ்.

மூன்று ஓஸ். முன் சக்கரம் இரண்டுக்கும் தலைக்கு ஒன்று, பின்னால் அச்சுக்கு ஒன்று. முழ நீளம்கூடத் தேறாத கறுப்பு ரப்பர் குழாய்கள். காலால் மிதியை அழுத்தினால் ஆயில் இரும்புக் குழாயில் ஓடிவந்து, கடைசியில் இந்த ரப்பருக்குள் புகுந்துதான் சக்கரத்தைப் பிடித்தாக வேண்டும். சக்கரம் ஆடும், திரும்பும்; இரும்பு அதோடு சேர்ந்து வளையாது, ரப்பர் வளையும். அந்த ரப்பர் பிய்த்துக்கொண்டால் மிதி தரையோடு போய் உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் வண்டியை ஓட்டுவது டிரைவர் இல்லை, இறக்கம்.

இதை டிரைவர் பழமலை எட்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“மொதலாளி, ஓஸ் மூணும் வெடிச்சிருக்குதுங்க. உள்ள இருக்கிற நூலு தெரியுது. மாத்திப்புடலாங்க.”

“ஒரிஜினல்டா அது.”

“ஒரிஜினல்தாங்க. அதனாலதான் வெடிச்சிருக்குது.”

“எழுபத்தொண்ணுல கம்பெனியில மாட்டினது. இன்னிக்குக் கடையில விக்கிறதெல்லாம் டூப்ளிகேட்டு. ஒரிஜினலக் கழட்டிப்புட்டு டூப்ளிகேட்டப் போடறவன் தொழில் தெரிஞ்சவனா?”

அந்த வண்டியை முதலாளி ஏலத்தில் எடுத்தவர். எடுத்த பிறகு இன்ஜின் இரண்டு தடவை மாறியது. கியர் பெட்டி சேலத்திலிருந்து வந்தது. இடது பக்கக் கதவுகள் இரண்டும் வேறொரு வண்டியோடு பிறந்தவை. இருந்தாலும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் முதலாளி பானெட்டைத் தட்டி, “அப்படியே ஒரிஜினல்” என்பார். நிஜமாகவே ஒரிஜினலாக மிச்சமிருந்தவை நம்பரும் அந்த மூன்று ஓஸும்தான். மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றாமல் விடுவதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும்.

பணம் செலவாகும் என்று யோசிக்கிற ஆள் இல்லை அவர். வெல்வெட்டில் ஒரு முழம் குறைத்திருந்தால் ஓஸ் வந்திருக்கும். அவருக்கு இருந்தது கொள்கை. பீங்கான் கம்பெனி நடத்துகிற சூளைக்காரனின் கொள்கை.

“ஆத்தங்கரையில பள்ளம் நோண்டனப்ப தாழி எடுத்தாங்களே, அது எத்தன வருசத்துது? ஆயிரம்? ரெண்டாயிரம்? ஒரு கீறல் இருந்துச்சா? ஒழுங்கா செஞ்ச பொருளு கெடாதுடா பழமலை. மொத பத்து நாளுல ஒடையலன்னா பத்துத் தலமுறைக்கு ஒடையாது. நான் முப்பது வருசமா நெருப்போட நிக்கிறவன்.”

“தாழி மண்ணுங்க. இது ரப்பருங்க. மண்ணு சுட்டா இறுகும், ரப்பரு நாளானா இத்துப் போவுங்க.”

“பொருளுன்னா பொருளுதான்.”

இதற்கு மேல் என்ன பேசுவது? விருத்தாசலத்தில் பாதிப் பேருக்குப் பீங்கான் வேலையில்தான் சோறு. அதற்காக உலகத்தில் இருப்பதெல்லாம் பீங்கான் ஆகிவிடுமா?

மார்கழியில் பெயிண்டு அடிக்க வந்தவனிடம் முதலாளி கறுப்புப் பெயிண்டையும் கொடுத்து, “ஓஸுக்கும் ரெண்டு கை பூசிடு, விரிசல் மூடிக்கும்” என்றார். சுடாத பச்சைச் சாமானில் ஊசித் துளை இருந்தால் மெருகு பூசிச் சூளையில் வைப்பார்கள், மூடிக்கொள்ளும். அந்தக் கணக்கு. நாலு நாளில் பெயிண்டு சொறி சொறியாக உரிந்து விழுந்தது. பழமலை அடியில் படுத்துக்கொண்டு பார்த்தான். பழைய வெடிப்போடு புதுப் பெயிண்டின் வெடிப்பும் சேர்ந்து இப்போது இரட்டை வெடிப்பு. அவன் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் தப்பில்லை.

அதற்கு அடுத்த வாரம் கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் கரும்பு வண்டி ஒன்று சடாரென்று குறுக்கே திரும்பியது. பழமலை மிதித்தான். மிதி பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. எடுத்து மறுபடி ஒரு தரம் மிதித்தான். அப்போதுதான் பிடித்தது. கரும்புக்கும் பித்தளைப் பலகைக்கும் நடுவே ஒரு சாண். பின்னால் முதலாளி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வாயை மூடிக்கொண்டு தூங்கியிருந்தால்கூடப் பழமலைக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் விருத்தகிரியிடம் கொண்டுபோய் நிறுத்தினான். விருத்தகிரி அடியில் நுழைந்து, “மிதிங்க டிரைவரே” என்றார். மிதித்தான். கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

“என்னாண்ணே?”

“தவக்களைக்குத் தொண்ட உப்புமே, அப்படி உப்புதுய்யா. நீ மிதிக்கிற மிதியில பாதி இந்த வீக்கத்துக்கே போயிடுது. இத மாத்தறதா இருந்தா கூப்புடு, வரன். பாத்து சரிபண்ணுங்கன்னு சொல்றதா இருந்தா அந்தாண்ட கோயிலு இருக்குது, அங்க போ.”

இப்படியே இருந்திருந்தால் பழமலை இரண்டு தரம் மிதித்து மிதித்தே காலத்தை ஓட்டியிருப்பான். ஓட்டிக்கொண்டும் இருந்தான். சாலைப் பாதுகாப்பு வாரம் வந்து கெடுத்தது.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் மகள் சுபாஷினி தரையில் கவிழ்ந்து படுத்து, அட்டையில் ‘நிதானமே பிரதானம்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். எட்டாவது படிக்கிற பிள்ளை. வயதுக்கு மீறின உயரம்.

“எங்க ஸ்கூல்ல எரநூறு பேரு நடக்கிறோம்ப்பா. பாலக்கரையில ஆரம்பிச்சு ஆத்துப் பாலம் ஏறி எறங்கிப் போறோம். குள்ளமா இருக்கிறவங்க முன்னாடி. நான் கடைசி வரிச.”

“கடைசி வரிசைக்குப் பின்னாடி?”

“உங்க காரு. தலைவரு மைக்குல பேசிக்கிட்டே வருவாராம்.”

பழமலைக்குக் கையிலிருந்த டீ ஆறிப்போனது. பாலத்து இறக்கம் அவன் கண்ணுக்கு முன்னால் நீண்டது. மூன்றடி முன்னால் இரட்டைப் பின்னல் போட்ட தலைகள் வரிசையாக. நடை வேகத்தில் போகிற வண்டி. கால் மிதியை விட்டு எடுக்காமல் முழு இறக்கமும் அழுத்திக்கொண்டே போக வேண்டும். வெடிக்கிற ஓஸ் அப்போதுதான் வெடிக்கும்.

பெண்சாதி அம்சவல்லி சொன்னாள்: “ஒடம்பு சரியில்லன்னு நாளைக்கிப் படுத்துக்க. வேற எவனயாவது வெச்சி ஓட்டிக்கட்டும்.”

“ஓட்டுவான். அவனுக்கு ரெண்டு வாட்டி மிதிக்கணும்னு தெரியாதே.”

அவள் ஆறிப்போன டீயை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆறு பேர் கொண்ட விழாக் குழு மொத்தமும் முதலாளியின் பீங்கான் கம்பெனியில் கூடியது. பொங்கல், வடை, காப்பி. பாதுகாப்பு என்றால் முதலில் வயிற்றின் பாதுகாப்பு. அம்பாசிடர் வாசலில் வாழைக்கன்றும் சாமந்தி மாலையுமாக, ஒலிபெருக்கிக் குழாய் கட்டி நின்றது. பழமலை கடைசியாக ஒரு தரம் கேட்டான்.

“மொதலாளி, பாலத்து எறக்கம். முன்னாடி புள்ளைங்க. இன்னிக்கி மட்டும் வண்டி வாணாங்க.”

“அஞ்சு மைல் வேகத்துல போற வண்டிக்கு எதுக்குடா பிரேக்கு? கால ஊனி நிறுத்தலாம்” என்றார் முதலாளி. குழு சிரித்தது. வடை வாயில் இருந்ததால் சிரிப்பு முழுசாக வரவில்லை.

சாப்பாடு முடிந்ததும் முதலாளி விருந்தினருக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டினார். பியூஸ் கட்டை செய்கிற கம்பெனி அது. கரண்டு சாமான், மயிரிழை விரிசல் இருந்தாலும் ஆளை அடித்துவிடும். அதனால் சரக்கைச் சோதிக்கிற ஆதிலட்சுமி ஒவ்வொரு கட்டையையும் தட்டிக் காதில் கேட்பாள், சிவப்பு மை தடவித் துடைத்துப் பார்ப்பாள். விரிசலில் மை நின்றால் சிவப்புச் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான், அந்தச் சாமான் கேட்டைத் தாண்டாது. முதலாளி ஒரு கட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதுல பாருங்க. இந்தம்மா பாஸ் பண்ணிட்டாங்க. விரிசல் இருக்குது! ஏம்மா ஆதிலட்சுமி, கண்ணு எங்க இருந்துச்சு? ஒரு உசுரு போனா நீ பொறுப்பா? ஏதுடா, நேத்துத்தான் செஞ்ச சாமான்ல விரிசலான்னு அலட்சியமா?”

“மன்னிச்சிருங்க மொதலாளி. சாயங்கால வெளிச்சம்...”

“இருட்டா வெளிச்சமா அது கேக்காது. எங்க கம்பெனியில ஒரு சட்டம் இருக்குதுங்க.” இது குழுவைப் பார்த்து. “சிவப்புக் குறி போட்ட பொருளு வெளிய போவணும்னா, குறிய அழிக்கிறவன் அந்த நோட்டுல கையெழுத்துப் போடணும். ‘இதனால் வரும் உயிர்ச் சேதத்துக்கு நானே பொறுப்பு’ன்னு எழுதி. பதினோரு வருசமா நோட்டு வெறுசாவே இருக்குது. நானே கேட்டாலும் வுடமாட்டாங்க!”

குழு கைதட்டியது. எல்லாரும் ஆபீஸ் ரூமுக்குள் மாலை போட்டுக்கொள்ளப் போனார்கள். ஆதிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழமலை மேஜை பக்கம் போனான்.

“ஆதிலட்சுமி, ஒரு சாமான் இருக்குது. சோதிச்சிச் சொல்லு.”

“என்னா சாமாண்ணா?”

“வந்து பாரேன்.”

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டார்ச் லைட்டோடும் மைக் கிண்ணத்தோடும் அம்பாசிடரின் முன் சக்கரத்துக்கு அடியில் தலையை விட்டாள். கம்பெனி முதலாளி எட்டு மாசமாகக் குனிந்து பார்க்காத இடம். அவருக்குப் பட்டுக்கரை வேட்டி அழுக்காகிவிடும்.

“மிதிக்கட்டுமா?” என்று கேட்டு மிதித்தான்.

“ஐயோ. உப்புதுண்ணா.” டார்ச் இன்னும் உள்ளே நகர்ந்தது. “மை தடவணும்னுகூட இல்ல. வெரலே போவுது.”

“மண்ணா இருந்தா என்னா செய்வ?”

“ஒடச்சிருப்பன்.”

மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கையைத் துடைத்தாள். ஆபீஸ் ரூம் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பழமலை, “உனக்கு வேல போச்சுன்னா...” என்று ஆரம்பித்தான்.

“மயிரு விரிசலுக்கு என்னைய நாலு பேரு முன்னாடி நிக்க வெச்சாருல்ல? இது மயிராண்ணா? கயிறு!”

சிவப்புச் சாக்பீஸை எடுத்து, பால் வெள்ளைப் பானெட்டின் நட்டநடுவே, பித்தளைப் பலகைக்கு மேலே, இரண்டு முழத்துக்கு ஒரு பெருக்கல் குறி இழுத்தாள்.

மாலையும் கழுத்துமாக வெளியே வந்த முதலாளி குறியைப் பார்த்தார். முதலில் அவருக்குக் கோபம் வரவில்லை. தன் வண்டி மேல் ஒருத்தி கிறுக்குவாள் என்பதே மண்டையில் ஏறவில்லை.

“யார்ரா இது?”

“நான்தாங்க” என்றாள் ஆதிலட்சுமி. “மூணு ஓஸும் விரிசலுங்க.”

“துடைடா பழமலை.”

“துடைக்கிறன் மொதலாளி. நோட்டுல யாரு பேர எழுதட்டுங்க?”

உள்ளே வேலை பார்த்தவர்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கப் போனவன், கொண்டியில் கை வைத்தபடி நின்றான். பதினோரு வருசமாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதானே. ஆதிலட்சுமி நோட்டைக் கொண்டுவந்து பானெட் மேல் விரித்தாள். முதல் பக்கம். வெள்ளை வெளேரென்று.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். “நம்ம செயலாளரு போடுவாரு. பஞ்சநாதன், ஒரு கையெழுத்து.”

செயலாளர் பஞ்சநாதன் மாவு மில் முதலாளி. அன்றைக்குப் பாலக்கரையில் ‘உயிர் விலைமதிப்பற்றது’ என்ற தலைப்பில் பேச இருந்தவர். “வண்டி உங்க பேருலல்ல இருக்குது? நான் போட்டா செல்லாதுங்களே.”

“செல்லும், போடுங்க.”

“கண்ணாடிய வூட்ல வெச்சிட்டு வந்துட்டங்க.” கண்ணாடி அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொருளாளர் தனக்கு அஷ்டமத்துச் சனி நடப்பதால் இந்த வருசம் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்றார். துணைத் தலைவர், தலைவர் இருக்கும்போது துணை போடுவது மரபில்லை என்று மரபு பேசினார். பொங்கல் தின்றபோது யாருக்கும் இந்த மரபெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. பழமலைக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. இந்த ஆறு பேரில் ஒருவருக்காவது ஓஸ் நல்லாயிருக்கிறது என்று நிஜமாகவே நம்பிக்கை இருந்திருந்தால் அவன் மன்னித்திருப்பான். ஒருவருக்கும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பிள்ளைகளுக்குப் பின்னால் வண்டியை விடச் சொன்னார்கள்.

“கடைசி வரிசையில எம் பொண்ணு நடக்குது மொதலாளி” என்றான். குரல் உடைந்தது, அதற்காகவும் அவனுக்குக் கோபம் வந்தது. “எம் பொண்ணு இல்லன்னாலும் யாரு பொண்ணோ நடக்கும். நீங்க போடுங்க கையெழுத்து. உங்க வாயால சொன்னீங்கல்ல, ஒழுங்கா செஞ்ச பொருளு கெடாதுன்னு? எழுதிப் போடுங்க. நான் இப்பவே எடுக்கிறன்.”

முதலாளி பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். ‘இதனால் வரும் உயிர்’ வரைக்கும் எழுதினார். அங்கே பேனா நின்றது. குனிந்து, பட்டுக்கரை தரையில் பட, முதல் தடவையாகச் சக்கரத்துக்கு அடியில் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார்.

“நடந்தே போவம். எளிமையா இருக்கும்” என்றார்.

நடந்தே போனார்கள். பாலத்தில் இருநூறு பிள்ளைகளும் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கின. கடைசி வரிசையில் சுபாஷினி அட்டையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வெறும் ரோடு. அதைப் பார்த்துக்கொண்டே பழமலை ஓரமாக நடந்தான்.

கூட்டத்தில் முதலாளி பேசினார். “வாகனம் வாசலில் நிற்கிறது. ஆனாலும் நான் ஏன் நடந்து வந்தேன்?” என்று கேட்டு நிறுத்தினார். கைதட்டல். குழந்தைகளுக்கு முன்மாதிரியாகத் தலைவர் காரைத் துறந்தார் என்று செயலாளர் வழிமொழிந்தார். பழமலை கைதட்டவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், “என்னாய்யா, கை வலிக்குதா?” என்றார். “கால்தாங்க வலிக்குது. ரெண்டு வாட்டி மிதிச்சி மிதிச்சி” என்றான். அவருக்கு விளங்கவில்லை.

வண்டி குறியோடு நாலு நாள் நின்றது. யாரும் தொடவில்லை. முதலாளி மங்கலம்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தார். ஐந்தாம் நாள், “அந்த விருத்தகிரிய வரச்சொல்லு” என்றார்.

விருத்தகிரி கம்பெனி வாசலிலேயே வேலையை வைத்துக்கொண்டார். பழைய ஓஸ்களைக் கழற்றி ஓரமாகப் போட்டார். புது ஓஸை முறுக்கு விழாமல் பூட்டினார். அடி வாஷர்கூடப் பழசைப் போடவில்லை. ஸ்டீயரிங்கை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பச் சொல்லி, டயரில் உரசுகிறதா என்று பார்த்தார். பிறகு பழமலை சீட்டில் ஏறிக்கொள்ள, அவர் அடியில் படுத்துக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி ‘ஏர் எடுக்க’ ஆரம்பித்தார்.

“மிதி... மிதி... மிதி... பிடி! வுட்றாத!”

அடியில் பிடித்த பாட்டிலில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. டிகாஷன் நிறத்தில் ஆயில் வந்தது. நாலு சக்கரத்துக்கும் மாறி மாறி இதே பாட்டு. டிகாஷன் வெளுத்துத் தெளிந்தது. கடைசியில் மிதி பாதியிலேயே கல்லில் முட்டிய மாதிரி நின்றது. பழமலை அதே இடத்தில் பத்துத் தடவை மிதித்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் நின்றது. அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது. ஒரு மிதி நிற்பதற்கு ஒரு ஆள் அழலாமா என்றால், எட்டு மாசம் மிதித்துப் பார்த்தவனைத்தான் கேட்க வேண்டும்.

ஆதிலட்சுமி டார்ச்சோடு வந்து மூன்று இடத்திலும் பார்த்தாள். பிறகுதான் ஈரத்துணியால் குறியைத் துடைத்தாள். துடைத்தும் வெள்ளைப் பெயிண்டில் ரோஸ் நிறத்தில் ஒரு பெருக்கல் தங்கிவிட்டது.

முதலாளி வெளியே வந்தார். ரோஸ் குறியைப் பார்க்காதது போல் பார்த்தார். தரையில் கிடந்த பழைய ஓஸ்களைப் பார்த்ததும் முகம் இளகியது.

“அதத் துணியில சுத்தி எடுத்து வை பழமலை. ஒரிஜினல். இந்தப் புதுசு எத்தன நாளைக்கி வருமோ. கெட்டுப்போனா அதையே மாட்டிக்கலாம்.”

விருத்தகிரி வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டுப் பழமலையைப் பார்த்தார். பழமலை மெக்கானிக்கின் பெட்டியிலிருந்து ரம்பக்கத்தியை எடுத்தான். மூன்று ஓஸையும் சேர்த்துக் காலால் மிதித்துக்கொண்டு, வறட் வறட்டென்று நடுவே அறுத்தான். ரப்பர் பொடியாக உதிர்ந்தது. உள்ளே ஆயில் போகிற துளை வீங்கி அடைத்து, ஊசி நுழைகிற அளவுக்குத்தான் இருந்தது. ஒரு துண்டை எடுத்து முதலாளி கையில் கொடுத்தான்.

“எடுத்து வெச்சிக்குங்க.”

“யாரக் கேட்டு அறுத்த?”

“யாரயும் கேக்கலிங்க.”

“நாளையிலேர்ந்து வேலைக்கி வராத.”

“சரிங்க. இந்தாங்க சாவி.”

முதலாளி சாவியைப் பார்த்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆறு மணிக்குக் கம்மாபுரத்தில் அவர் தலைமையில் ஒரு பாராட்டு விழா, பாராட்டப்படுகிறவரும் அவரேதான். டவுன் பஸ்ஸின் கம்பியைப் பிடித்த உள்ளங்கை அவருக்கு இன்னும் வலித்தது. சாவியை வாங்காமல் பின்கதவைத் திறந்து, வெல்வெட்டில் உட்கார்ந்து, கதவை ஓங்கிச் சாத்தினார்.

“நாளையிலேர்ந்துன்னுதான் சொன்னன். இன்னிக்கி எடு.”

பழமலை வண்டியை எடுத்தான். கேட் வரைக்கும் நல்ல வேகத்தில் விட்டான். கேட்டில் ஒரே ஒரு தரம், முழுசாக, மிதித்தான். நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து நின்றன. முதலாளியின் நெற்றி முன் சீட்டின் வெல்வெட்டில் மெத்தென்று போய் முட்டியது.

“பிடிக்குதுங்களா மொதலாளி?”

பின்னாலிருந்து தோள் துண்டைச் சரிசெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்தான்.